நிற்கும் காருக்கு ஒரு நியாயம், நிற்கும் மனிதனுக்கு ஒரு நியாயமா?

கரியாஹாட் நாற்சந்தியை அறியாத தமிழ்க் குடும்பம் தெற்குக் கல்கத்தாவில் இருக்க முடியாது. துர்க்கா பூஜைக்கு முந்தைய வாரங்களிலும் சைத்ர மாதத் தள்ளுபடி விற்பனையிலும் (வங்காளிக்குச் சைத்ரம், நமக்குப் பங்குனி) பிள்ளைகளுக்குச் சட்டை, பெண்டிருக்குச் சேலை, ஊருக்கு எடுத்துப்போக ஒரு பை என்று நம்மவர் கூலியில் மிச்சம் பிடித்த காசு அந்த நடைபாதையில்தான் செலவாகிறது. வாங்குகிறவர்களாக மட்டும் நாம் அங்கே இல்லை. ராஷ்பிஹாரி அவென்யூவில் மேற்கே நடந்தால் லேக் மார்க்கெட். வாழையிலை, கறிவேப்பிலை, கதம்பம், வீட்டிலே சுற்றிய முறுக்கு, தள்ளுவண்டித் தோசை என்று நம் குடும்பங்கள் பல அந்தச் சாலை ஓரத்திலேயே பிழைக்கின்றன. ஆகவே கரியாஹாட்டை "அழகுபடுத்தல்" என்று எவரேனும் பேச ஆரம்பித்தால், அது வங்காளி நண்பர்களின் வழக்கு என்று நாம் ஒதுங்கி நிற்க முடியாது.

அந்தப் பேச்சு ஓயவேயில்லை. பத்திரிகைகள் எழுதுகின்றன, அடுக்குமாடிக் குடியிருப்போர் மனுக் கொடுக்கிறார்கள், பெரிய துணிக்கடைக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள். வழக்கு எப்போதும் இரண்டு பேருக்கு இடையில் நடப்பதாகவே காட்டப்படுகிறது. ஒரு பக்கம் நடந்து போகிறவர். மறுபக்கம் நடைபாதையில் விற்கிறவர். இந்த இருவரையும் மோதவிட்டுவிட்டு மூன்றாவது ஆசாமி ஒருவர் சாவகாசமாக ஒதுங்கிக் கொள்கிறார். அவர் பேசுவதில்லை, நகர்வதுமில்லை. காலையில் வந்து நின்றால் மாலை வரை நிற்கிறார். அவர்தான் நிறுத்தி வைக்கப்பட்ட கார்.

நாற்சந்தியிலிருந்து எந்தப் பக்கச் சந்துக்குள் வேண்டுமானாலும் நுழைந்து பாருங்கள். சந்தின் அகலத்தில் இரு ஓரத்தையும் கார் பிடித்திருக்கும். நடுவில் மிச்சமுள்ளதில் ரிக்‌ஷா, சைக்கிள், பள்ளிக்கூடப் பிள்ளை, சாமான் சுமக்கும் கூலி எல்லோரும் நெருக்கியடித்துப் போக வேண்டும். அதை யாரும் ஆக்கிரமிப்பு என்று சொல்வதில்லை. பார்க்கிங் என்று சொல்கிறார்கள். ஒரு பெண் கூடையை இறக்கி வைத்தால் ஆக்கிரமிப்பு, ஒருவர் இரும்புப் பெட்டியை நிறுத்திப் பூட்டிவிட்டுப் போனால் பார்க்கிங்! இந்த ஒரு சொல் வித்தியாசத்திற்குள்தான் நகர அபிவிருத்தியின் அரசியல் முழுவதும் அடங்கியிருக்கிறது.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கார் நிற்க இரண்டரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம் வேண்டும். அதாவது பன்னிரண்டரைச் சதுர மீட்டர், நம் கணக்கில் சுமார் 135 சதுர அடி. நடைபாதையில் துணி விரிக்கிறவருக்கு, வங்காளத்தில் "டாலா" என்கிற அந்தப் பலகைக்கு, 25 சதுர அடி என்று தாராளமாகவே வைத்துக் கொள்வோம். ஒரு கார் நிற்கும் இடத்தில் ஐந்து டாலா போடலாம். ஐந்து டாலாவை நம்பி ஐந்து குடும்பம், அவர்களிடம் நிற்கும் பையன்கள், சாமான் கொண்டு வருகிறவர், டீ கொடுக்கிறவர் என்று எத்தனை வயிறு என்பதை நீங்களே எண்ணிக் கொள்ளுங்கள். காரை நம்பி அந்த இடத்தில் பிழைப்பவர் ஒரே ஒருவர்தான்: தோளில் பையோடு சீட்டுக் கிழிக்கும் பையன். அவனும் பெரும்பாலும் நம்மைப் போல வெளியூரிலிருந்து வந்த ஏழை. அவன் மீது நமக்குக் கோபம் இல்லை.

இனி வாடகைக்கு வருவோம். கல்கத்தா மாநகராட்சியின் பார்க்கிங் கட்டணம் நீண்ட காலமாகக் காருக்கு மணிக்கு 10 ரூபாயாகவே இருந்து வந்தது. பத்து மணி நேரம் நின்றால் 100 ரூபாய். கிழக்கு இந்தியாவிலேயே விலை கூடிய கடைவீதிகளில் ஒன்றில், 135 சதுர அடிக்கு, நாள் முழுவதற்கும் 100 ரூபாய்! அதே வீதியில் ஒரு பெட்டிக்கடை வைக்க என்ன முன்பணம் கேட்கிறார்கள் என்று விசாரித்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய மானியம் என்பது புரியும். ஏழைக்குக் கொடுத்தால் அதற்குச் சலுகை என்று பெயர், ஓட்டுக்காகக் கொடுத்தது என்று பழி. கார்க்காரருக்குக் கொடுத்தால் பெயரே கிடையாது.

2023 ஏப்ரல் முதல் தேதி மாநகராட்சி இந்தக் கட்டணத்தை உயர்த்தியது. என்ன நடந்தது? முதலமைச்சருக்குத் தெரியாமல் உயர்த்தப்பட்டது என்று ஆளும் கட்சிக்குள்ளேயே குரல் கிளம்பி, சில நாட்களுக்குள் உயர்வு வாபஸ் ஆகிவிட்டது. ஊர்வலம் இல்லை, தடியடி இல்லை, உண்ணாவிரதம் இல்லை. மணிக்குப் பத்து இருபது ரூபாயைக் கார்க்காரர் தாங்க மாட்டார் என்று அரசாங்கமே இரங்கியது.

இதே நகரத்தில் 1996 நவம்பர் 24 இரவில் நடந்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். "ஆபரேஷன் சன்ஷைன்" என்று அதற்குப் பெயர். கரியாஹாட் உள்ளிட்ட முக்கிய வீதிகளில் புல்டோசரும் போலீசும் மாநகராட்சி ஊழியரும் கட்சித் தொண்டரும் சேர்ந்து இறங்கினார்கள். விடிவதற்குள் கடைகள் விறகாகக் கிடந்தன. மறு ஜனவரியில் பிரிட்டிஷ் பிரதமர் ஜான் மேஜர் கல்கத்தா வரவிருந்தார் என்பதையும் அந்நாளில் பலர் சுட்டிக் காட்டினார்கள். இதைச் செய்தது பிற்போக்குக் கட்சி அல்ல, உழைப்பாளிகளின் பெயரால் ஆண்ட இடது முன்னணி அரசாங்கம். இதை எழுதும்போது நமக்கும் கசக்கத்தான் செய்கிறது. அந்த நடைபாதையில் இருந்தவர்களில் பலர் தேசப் பிரிவினையில் கிழக்கு வங்காளத்திலிருந்து வெறுங்கையோடு வந்து, அகதிகளாக அங்கே கடை விரித்தவர்களின் பிள்ளைகள். ஒருமுறை எல்லை தாண்டி இழந்தவர்கள் மறுமுறை நடைபாதையில் இழந்தார்கள். அந்த ஆண்டு எழுந்த எதிர்ப்பில்தான் ஹாக்கர் சங்கிராம் கமிட்டி பிறந்தது. கடைகள் திரும்பி வந்தன. பிழைக்க வேறு வழியில்லாதவன் திரும்பி வந்தே தீருவான்.

பத்து ரூபாய்க்காக ஒரு வாரத்தில் இரங்கியதும், பல்லாயிரம் குடும்பத்தை ஓர் இரவில் துரத்தியதும் ஒரே நகரம்தான். கட்சி மாறியது, ஆட்சி மாறியது, தராசு மட்டும் மாறவில்லை.

"கார் எங்கேதான் நிற்கும்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கல்கத்தாவில் மொத்த நிலப்பரப்பில் சாலைக்கு உள்ள பங்கு ஆறு சதவீதம் அளவே என்பது அதிகாரிகளே வழக்கமாகச் சொல்லும் கணக்கு. டில்லியில் இது 20க்கு மேல். இருக்கிற கொஞ்ச இடத்தில் கார் நிற்கவும் வேண்டும், ஓடவும் வேண்டும், மனிதன் நடக்கவும் வேண்டும் என்றால் எங்கோ ஓரிடத்தில் விட்டுக் கொடுத்தாக வேண்டும். ஆனால் கேள்வியை முழுதாகக் கேட்க வேண்டும். பெரிய கட்டடம் கட்டுகிறவர் தன் கட்டடத்துக்குள் கார் நிறுத்த இடம் ஒதுக்க வேண்டும் என்று விதி இருக்கிறதல்லவா? பிளானில் காட்டிய அந்த அடித்தளம் இன்று என்னவாக இருக்கிறது?

பல இடங்களில் அது கிடங்கு, சில இடங்களில் கடை. கரியாஹாட்டுக்குத் தெற்கே, கூப்பிடு தூரத்தில் உள்ள டாகுரியாவில் 2011 டிசம்பர் 9 விடியற்காலையில் ஒரு தனியார் மருத்துவமனை எரிந்தது நினைவிருக்கிறதா? கார் நிறுத்துவதற்கென்று அனுமதி வாங்கிய அடித்தளத்தில் எரியக்கூடிய சாமான்களை அடுக்கி வைத்திருந்தார்கள். தீ அங்கேதான் தொடங்கியது. புகை மேலேறி, படுக்கையிலிருந்து எழ முடியாத நோயாளிகள் 90 பேருக்கு மேல் மூச்சுத் திணறி மாண்டார்கள். கேரளத்திலிருந்து வேலைக்கு வந்த இரண்டு இளம் நர்சுகள் நோயாளிகளை வெளியே கொண்டு வந்து, மறுபடி உள்ளே போய், திரும்பவில்லை. முதலில் உதவிக்கு ஓடி வந்தவர்கள் பக்கத்துக் குடிசைப்பகுதி இளைஞர்கள்.

பார்க்கிங் இடத்தைத் திருடுவது வெறும் விதிமீறல் அல்ல என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? கட்டடக்காரர் அடித்தளத்தை விழுங்குகிறார். அங்கே நிற்க வேண்டிய கார் தெருவுக்கு வருகிறது. தெருவில் போக இடமில்லை என்றதும் எல்லோர் கண்ணும் கூடை வைத்திருக்கும் கிழவியின் மேல் விழுகிறது. மாநகராட்சி அளவு நாடாவை எடுத்துக்கொண்டு நடைபாதைக்கு வருவதற்கு முன், அதே நாடாவோடு ஒவ்வொரு பெரிய கட்டடத்தின் அடித்தளத்திலும் இறங்கட்டும் என்கிறோம்.

2002இல் திறக்கப்பட்ட கரியாஹாட் மேம்பாலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜப்பானியக் கடனில் கட்டிய பாலம். நாற்சந்தியில் காத்து நிற்காமல் காரில் போகிறவர் மேலே பறந்து போகலாம். பாலத்தின் அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்தால், கார்! மேலே ஓடுகிற காருக்கும் கீழே நிற்கிற காருக்குமாகக் கடன் வாங்கிக் கட்டியாயிற்று. ஒரே ஓர் ஆறுதல், அந்த நிழலில் சதுரங்கம் ஆடும் கூட்டம். ஓய்வு பெற்றவர், கடைப் பையன், கல்லூரி மாணவன் என்று எல்லோரும் ஒரே பலகையில் குனிந்திருப்பார்கள். மழை நாளில் அங்கே ஒதுங்கினால் நேரம் போவதே தெரியாது. பொது இடம் எதற்கு என்று தெரியாத அதிகாரிகளை அங்கே ஒரு மாலை உட்கார வைக்கலாம்.

டிராமின் கதை இதைவிடச் சோகம். 1873இல் இந்த நகரில் முதல் டிராம் ஓடியது. கரியாஹாட்டில் டெப்போவே இருக்கிறது. கூலிக்காரனும் குமாஸ்தாவும் சில்லறைக் காசில் போய் வந்த வண்டி. அதே டெப்போவில் 2020 டிசம்பரில் டிராம் அருங்காட்சியகம் ஒன்றைத் திறந்தார்கள். உயிரோடு இருக்கும்போதே படத்துக்கு மாலை போட்ட மாதிரி! 2024 செப்டம்பரில் மைதானத்துக்கும் எஸ்பிளனேடுக்கும் இடையே நினைவுக்காக ஒரு தடம் போதும், மற்றவை வேண்டாம் என்று அன்றைய போக்குவரத்து அமைச்சர் அறிவித்தார். காரணம் நெரிசலாம். நூறு பேரைச் சுமந்து நகர்கிற டிராம் நெரிசல், தண்டவாளத்தை ஒட்டி ஆளின்றி நிற்கும் கார் நெரிசல் இல்லை!

தோழர்களே, எதிராளியின் குறையை மட்டும் சொன்னால் இது தலையங்கம் ஆகாது. நம் பக்கத்திலும் குறை உண்டு. 2019 ஜனவரி 20 விடியற்காலை நாற்சந்தி ஓரத்துக் குருதாஸ் மேன்ஷனில் தீப்பிடித்து, பழம்பெரும் துணிக்கடைகள் சாம்பலாயின. நடைபாதைக் கடைகளின் மேல் கட்டியிருந்த பிளாஸ்டிக் கூரை தீக்குத் துணை போனதென்று பலரும் சொன்னார்கள். அதை நாம் மறுத்துப் பேசிப் பயனில்லை. வெயிலுக்கும் மழைக்கும் பிளாஸ்டிக் கட்டுவது வயிற்றுப்பாட்டால்தான். ஆனால் அதன் கீழேயே ஸ்டவ் பற்ற வைப்பவர் தன் குடும்பத்தையும் பக்கத்துக் கடைக் குடும்பத்தையும் பணயம் வைக்கிறார். அதற்குப் பின் தகரக் கூரை வைத்த கடைகளைக் கொண்டுவரும் ஏற்பாடு நடந்தது நல்லதே. இரண்டு பக்கமும் கடை போட்டு, நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்துப் போகும் அளவுக்கு வழியை அடைப்பதும் சரியல்ல. நடந்து போகிறவர் யார்? பாலிகஞ்ச் நிலையத்தில் விடியற்காலை லோக்கல் ரயிலில் வந்து இறங்கி, வீட்டு வேலைக்கு ஓடும் தெற்கு இருபத்துநான்கு பர்கனா பெண்களும் அதில் உண்டு. அவர்களும் நம் வர்க்கம்தான். நடைபாதையில் மூன்றில் ஒரு பங்கு கடைக்கு, இரண்டு பங்கு நடப்பவருக்கு என்ற விதியை நாம் எதிர்க்க வேண்டியதில்லை. நாமே முதலில் கயிறு பிடித்து அளந்து கடைப்பிடித்துக் காட்டினால், அடுத்து அதே கயிற்றைச் சாலைக்கும் பிடி என்று கேட்க நமக்கு வாய் இருக்கும்.

இன்னொரு குறையும் உண்டு. தான் உட்காராமல் டாலாவை உள்வாடகைக்கு விட்டுத் தினப்படி வசூலிக்கும் பேர்வழிகள். எந்தக் கொடி கட்டியிருந்தாலும் அவர்கள் வியாபாரிகள் அல்லர், சிறு ஜமீன்தார்கள். இவர்களைக் காட்டித்தான் எல்லோரையும் திருடர் என்கிறார்கள்.

நடைபாதைக்காரரை மாடிக் கட்டடத்துக்குள் அனுப்பிவிட்டால் போதுமே என்று நல்லெண்ணத்தோடு சொல்பவர்கள் சென்னைத் தியாகராய நகரைப் பார்க்க வேண்டும். பாண்டி பஜார் நடைபாதை வியாபாரிகளை 2013இல் ஒரு வணிக வளாகத்துக்குள் கொண்டுபோனார்கள். தெருவில் போகிறபோது கண்ணில் பட்டு வாங்கும் சாமானை மாடி ஏறித் தேடி வாங்க யார் வருவார்? வியாபாரம் படுத்துவிட்டது என்று அவர்கள் முறையிட்டார்கள். அதன் பின் 2019 நவம்பரில் அந்த வீதி அகலமான நடைபாதையோடு புதிதாகத் திறக்கப்பட்டது. பக்கத்திலேயே 200க்கு மேற்பட்ட கார்களுக்கு அடுக்கு நிறுத்தகமும் கட்டினார்கள். நடக்கிறவருக்கு இடம் கிடைத்ததை நாம் பாராட்டுகிறோம். காரைச் சாலையிலிருந்து கட்டடத்துக்குள் அனுப்ப முடியும் என்பதையும் அது காட்டியது. ஆனால் பாருங்கள், கார் மாடி ஏறினால் அதற்கு வியாபாரம் படுக்கப் போவதில்லை. மாடி ஏற வேண்டியது எது என்பதை நாம் இதிலிருந்து புரிந்து கொள்ள வேண்டும்.

நம் லேக் மார்க்கெட்டிலும் பார்த்தோம். மாநகராட்சியின் பழைய சந்தை இருந்த இடத்தில் தனியார் கூட்டோடு லேக் மால் எழுந்தது. பொது நிலத்தை நீண்ட குத்தகைக்கு விட்ட விதம் பற்றி அப்போதே சர்ச்சை கிளம்பியது. நகரும் படிக்கட்டும் குளிர்ந்த காற்றும் வந்தன. ஆனால் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வெளியே நடைபாதை ஓரத்தில்தான் இன்றும் விற்கின்றன. தமிழ்க் குடும்பத்துப் பெண்கள் பேரம் பேசுவதும் அங்கேதான்.

உலகம் இந்த விஷயத்தில் நம்மைக் கடந்து போய்விட்டது. அமெரிக்காவில் நகர நடுவே கடைவீதிகளை இடித்துப் பார்க்கிங் மைதானமாக்கியவர்கள், இன்று அந்த வெறும் தாரைத் தோண்டி மறுபடி வீடும் கடையும் கட்ட முயல்கிறார்கள். டொனால்ட் ஷூப் என்ற பேராசிரியர் 2005இல் ஒரு பெரிய புத்தகமே எழுதினார். இலவசப் பார்க்கிங் என்று ஒன்று இல்லை, கார் இல்லாதவன்தான் அரிசி விலையிலும் வீட்டு வாடகையிலும் அதற்குப் பணம் கட்டுகிறான் என்பது அவர் வாதத்தின் சாரம். ஜப்பானில் நிறுத்த இடம் இருக்கிறதென்று சான்று காட்டாமல் கார் வாங்க முடியாது என்ற சட்டம் 1962இலேயே வந்துவிட்டது. சிங்கப்பூரில் 1990 முதல் காரை வைத்துக்கொள்ளும் உரிமையையே ஏலத்தில் எடுக்க வேண்டும். அங்கே தெரு உணவு வியாபாரிகளை 1970களில் வளாகங்களுக்கு மாற்றினார்கள். அந்த வளாகங்களைத் தண்ணீரும் சாக்கடையும் வைத்து, சனங்கள் வீடு திரும்பும் வழியிலேயே அரசாங்கம் கட்டியது. இன்று அந்தப் பண்பாட்டை அருவப் பண்பாட்டு மரபு என்று யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்துப் பெருமை கொள்கிறார்கள். சிங்கப்பூரில் நடப்பதெல்லாம் நமக்கு உகந்ததென்று சொல்லவில்லை. ஆனால் சிங்கப்பூரைப் போல ஆக்குவோம் என்று மேடையில் முழங்குபவர்கள் அங்கே கார்க்காரரைத்தான் முதலில் நெருக்கினார்கள் என்பதைச் சொல்வதில்லை.

2024 ஜூனுக்கு வருவோம். அம்மாதம் அன்றைய முதலமைச்சர் நபான்னாவில் கூட்டம் போட்டு நடைபாதை ஆக்கிரமிப்பைக் கண்டித்ததும், பல இடங்களில் கடைகள் அகற்றப்பட்டன. எதிர்ப்பு வந்தபின் ஒரு மாத அவகாசமும் கணக்கெடுப்பும் அறிவிக்கப்பட்டன. வெளியிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து உட்கார வைக்கிறார்கள் என்ற பேச்சும் அப்போது எழுந்தது. அந்த "வெளியிலிருந்து" என்ற சொல்தான் நம் வீடுகளில் அன்று இரவு தூக்கத்தைக் கெடுத்தது. நம் சங்கத்து உறுப்பினர் ஒருவரின் தோசை வண்டி அந்த நாட்களில் போயிற்று. எந்தத் தெரு, யார் எடுத்துப் போனார்கள் என்பதை இங்கே எழுதவில்லை, அவர் இன்னும் அந்தப் பக்கத்தில்தான் பிழைக்க வேண்டும். கல்லும் கரண்டியும் கேட்டுப் போனபோது ரசீது உண்டா என்று கேட்டார்களாம். அவர் மனைவி நம்மிடம் சொன்னது இதுதான்: "வண்டி நின்ன எடத்துல மறுநாளே ஒரு வெள்ளைக் கார் நிக்குதுங்க. அதுக்கு யாருங்க ரசீது கேட்டா?"

ரசீது கேட்கும் உரிமை உண்மையில் அவருடையது. 2014ஆம் ஆண்டு மே முதல் தேதி அமலுக்கு வந்த தெரு வியாபாரிகள் சட்டத்தை நம்மவர் ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்ய வேண்டும். கணக்கெடுப்பு முடிந்து விற்பனைச் சான்றிதழ் கொடுக்கும் வரை ஒருவரையும் அப்புறப்படுத்தக் கூடாது. இடம் மாற்றுவதென்றால் முப்பது நாள் முன்னறிவிப்பு. சாமானைப் பறிமுதல் செய்தால் பட்டியல் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். அபராதம் கட்டிக் கேட்டால், அழுகும் பொருளை அன்றே, மற்றதை இரண்டு வேலை நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். நகர விற்பனைக் குழுவில் பத்துக்கு நாலு பேர் வியாபாரிகள் தேர்ந்தெடுத்தவர்களாகவும், அவர்களில் மூன்றில் ஒருவர் பெண்ணாகவும் இருக்க வேண்டும். சான்றிதழ்க்காரர் இறந்தால் மனைவிக்கோ கணவனுக்கோ பிள்ளைக்கோ அது போகும். ஐம்பது ஆண்டுக்கு மேல் வியாபாரம் நடந்துவரும் சந்தையைப் பாரம்பரியச் சந்தை என்று அறிவித்து, அங்குள்ளவரை இடம் மாற்றாமல் விட வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. கரியாஹாட் ஐம்பதைக் கடந்து எத்தனையோ காலம் ஆகிறது! இந்த ஒரு விதியை வைத்தே வங்காளித் தோழர்களோடு சேர்ந்து நாம் மனுப் போட வேண்டும்.

இந்திய அரசியல் சட்டத்தின் கீழ் எந்த ஊரும் நமக்கு வெளியூர் அல்ல. இதற்கு முன் சென்ற ஒருவரை நினைவுபடுத்த விரும்புகிறோம். சேலத்துப் பக்கத்து நிலமில்லாத விவசாயக் கூலி, பஞ்சம் துரத்தி 1961இல் பம்பாய்க்குப் போனவர். நெடுஞ்சாலை நடைபாதையில் ஒரு பிளாஸ்டிக் கொட்டகைக்கு ரௌடிக்கு 2500 ரூபாய் அழுதவர். 1981 ஜூலை மழையில் கொட்டகையைப் பிய்த்து, குடும்பத்தையே பஸ்ஸில் ஏற்றிச் சேலத்துக்கு அனுப்பினார்கள். வேலை அங்கே இல்லை, பம்பாயில் இருந்தது. மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு அவர் திரும்பி வந்தார். உச்ச நீதிமன்றத்தில் அவரும் ஒரு மனுதாரர். உயிர் வாழும் உரிமைக்குள் பிழைக்கும் உரிமையும் அடங்கும் என்று 1985 ஜூலை 10 அன்று வந்த ஓல்கா டெல்லிஸ் தீர்ப்பில் அவர் கதை பதிவாகி இருக்கிறது. அந்தத் தீர்ப்பு அவருக்கு வீடு கொடுத்துவிடவில்லை, நடைபாதை மேல் நிரந்தர உரிமையும் தரவில்லை. ஆனால் 1989இல் சோதன் சிங் வழக்கில், முறைப்படுத்தலுக்கு உட்பட்டுத் தெருவில் விற்பதும் ஒரு தொழில் உரிமையே என்று அதே நீதிமன்றம் சொன்னது.

ஆகையால் மாநகராட்சியிடம் நாம் கேட்பது தயவு அல்ல. நாற்சந்தியைச் சுற்றிக் கார் நிற்கும் இடங்களையும் டாலா இருக்கும் இடங்களையும் ஒரே வரைபடத்தில் அளந்து பகிரங்கமாக வெளியிடட்டும். அடித்தளங்களைத் திறந்து கார்களை உள்ளே அனுப்பட்டும். பக்கச் சந்துகளில் ஓர் ஓரமாவது காரிலிருந்து விடுபட்டால் அந்த இடத்தில் மூன்றில் ஒரு பங்கு விதிப்படி கடையும் நடையும் இரண்டும் நடக்கும். நிறுத்தும் கட்டணத்தை நிலத்தின் மதிப்புக்கு ஏற்ப வாங்கி, அந்தக் காசில் தண்ணீர்க் குழாயும், பெண்களுக்குக் கழிப்பிடமும், தீயணைக்கும் மணல் வாளியும் வைக்கட்டும். நாளெல்லாம் விற்கும் பெண் ஒருத்தி சிறுநீருக்காகத் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் கொடுமையை நகர அழகைப் பற்றி எழுதும் எந்தப் பத்திரிகையும் எழுதுவதில்லை. வாடகைக் கார், ஆட்டோ ஓட்டும் தொழிலாளருக்கு ஏற்றி இறக்க நிறுத்தம் வேண்டும் என்பதிலும் நமக்கு மாறுபாடு இல்லை. அவர்கள் வண்டி நிற்பது வேலைக்காக.

சான்றிதழ் விஷயத்தில் நம்மவர் மெத்தனமாக இருக்கிறார்கள். கணக்கெடுப்பு வந்த நாளில் ஊரில் திருவிழாவுக்குப் போயிருந்தேன் என்றால் பெயர் விட்டுப் போகும். பெயர் விட்டவர்கள் உடனே எழுத்தில் மனுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்க வேண்டும். ஆதார், வங்கிப் புத்தகம், பழைய அபராதச் சீட்டு, பிள்ளைகளின் பள்ளிச் சான்று, கடையில் நீங்கள் நிற்கும் பழைய புகைப்படம் எது இருந்தாலும் எறியாதீர்கள். அபராதச் சீட்டை அவமானம் என்று கிழித்துப் போடுகிறார்கள். அந்தத் தேதியில் அந்த இடத்தில் நீங்கள் இருந்தீர்கள் என்பதற்கு அரசாங்கமே எழுதிக் கொடுத்த அத்தாட்சி அது! பெண்கள் கடை நடத்தினால் மனு அவர்கள் பெயரிலேயே இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் சங்க அறையில் மனு எழுதித் தருகிறோம். தாள்களோடு நகல்களையும் கொண்டு வாருங்கள். எங்களில் பலருக்கு வங்காளம் பேச வரும், எழுத வராது. இங்கேயே பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் நான்கைந்து பேராவது வந்து எழுதிக் கொடுத்தால் வேலை சீக்கிரம் முடியும். டீயும் சுண்டலும் உண்டு.